ஹவ்வாவின் முறையில் விழுந்த ஊரடங்கு

கொரோனாவுக்கு ஊரடங்குச் சட்டம் போட்ட அன்று ஜப்பார் ஹவ்வாவின் வீட்டில் இருந்தார். அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் அவளுக்கு வாய்த்ததில்லை. ஜப்பாருக்கு மனைவிமார் இரண்டு பேர். ஆலங்குடாவில் மூத்தவள் ஹவ்வா. கடலோரமாக வடக்கே போனால் கண்டக்குளியில் இளையவள் நிஃப்லா. இங்கே இரண்டு இரவு, அங்கே இரண்டு இரவு என்று முறை வைத்துப் போய்வரும் மனுசன். அவர் புறப்படும் நாளில் ஹவ்வாவுக்குச் சோறு இறங்காது. மகளும் கட்டிக்கொண்டு போனபிறகு அவளுக்கு வேறு யார்? இப்போது அரசாங்கமே பாதையை மறித்துவிட்டது. ஊரே கொரோனாவைத் திட்ட, இவள் மட்டும் ஊரடங்கு நோன்புப் பெருநாள்வரை நீடிக்கட்டும் என்று நோன்போடு துஆக் கேட்டாள். பாவம்தான். ஆனாலும் கேட்டாள்.

பெருநாள் காலையில் அவர் தன் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய ஆசை. போன மூன்று பெருநாளும் எப்படியோ நிஃப்லாவின் முறையில்தான் விழுந்தன.

மீன்பிடிக்க மட்டும் அனுமதி இருந்தது. புறப்பட்ட கரைக்கே திரும்ப வேண்டும். வேறு கரையில் இறங்கினால் வழக்கு, தண்டம், ஆறு மாதம் வரை மறியலில் கம்பி எண்ண வேண்டும் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தினமும் சொன்னார்கள். ஜப்பாரும் தலையாட்டிக் கேட்டார்.

ஒருநாள் அவர் நோன்பு திறக்கும் மஃரிபு நேரம் தாண்டித்தான் கரைக்கு வந்தார். ஹவ்வா வைத்த நோன்புக் கஞ்சியில் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளினார்.

"ஏன், பசிக்கலயா?"

"கடல்ல பேரீச்சம்பழம் திண்டுதான் நோன்பு தொறந்தன். வயிறு நெறஞ்சிட்டு."

பேரீச்சம்பழம் தின்றவரின் தாடியில் கருப்பட்டியும் முட்டையும் கலந்த வட்டிலப்ப வாசம் வந்தது. நிஃப்லாவின் வட்டிலப்பத்தைக் கல்யாண வீடுகளே கேட்டு வாங்கும். ஹவ்வா மீன்கூடையைத் திறந்து பார்த்தாள். கூடையில் கிடந்தது நாலே நாலு சூடை மீன். அதுவும் பிடித்ததா வாங்கியதா, அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

மறுநாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவர் படகைத் தள்ளியதும், ஹவ்வா சுகாதாரப் பரிசோதகர் ஸப்வானுக்குப் போன் எடுத்தாள்.

"ஸேர், கண்டக்குளியில நிஃப்லாட ஊட்டுக்கு வெளியூர் ஆள் ஒருத்தர் படகுல வந்து போறாரு. இப்ப போனா கையும் களவுமாப் பிடிக்கலாம்."

"நீங்க யாரு கதைக்கிற?"

"ஊர்ட நன்மைக்குத்தான் கதைக்கிறன்" என்று வைத்துவிட்டாள்.

பிடிப்பார்கள், ஏசுவார்கள், தண்டம் அடிப்பார்கள். அடிக்கட்டும். தலை குனிந்து ஜீப்பில் வந்து தன் வாசலில் இறங்குவார். பிறகு அந்தப் பக்கம் படகை விட எப்படித் துணிவு வரும்? ஹவ்வா அன்றைக்குக் கஞ்சியில் இறைச்சியைக் கொஞ்சம் கூடவே போட்டாள்.

நோன்பு திறக்கப் பாங்கு சொல்லிச் சற்று நேரத்தில் ஜீப் வந்தது. ஸப்வான் மட்டும் இறங்கி வாசல் படலைக்கு வெளியிலேயே நின்றார்.

"ஜப்பார்ட பொஞ்சாதி நீங்கதானே? அவர கண்டக்குளியில பிடிச்சம். வழக்குப் போடுவம், புத்தளம் கோட்டுக்கு வரோணும்."

"அவர் எங்க ஸேர்?"

"அங்கதான். அந்த ஊட்டுக்குப் பக்கத்து ஊட்ல ஒருத்தருக்கு நோய் உறுதியாயிட்டு. ஆரு எந்த ஊட்ல நிண்டாங்களோ, அவங்கள அந்த ஊட்லயே அடைக்கோணும். பதினாலு நாள். வெளிய கால் வெச்சா மறியல்தான்."

"பதினாலு நாளா? பெருநாளைக்கு ஒரு கெழமதானே ஈக்கி!"

"பெருநாளும் அங்கதான். ரெண்டு பேரையும் உள்ள வெச்சு நோட்டீஸ் ஒட்டிட்டுத்தான் வாறன்."

ரெண்டு பேரையும். ஹவ்வா படலையைப் பிடித்துக்கொண்டாள். முறை வைத்துப் போயிருந்தாலும் பாதி நாள் தனக்கு மிஞ்சியிருக்கும். மொத்தத்தையும் தன் வாயாலேயே அந்த நிஃப்லாவுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டாளே!

"அவர் நேத்தும் அங்க போயிட்டு இங்க வந்தவராம். அதால இந்த ஊட்டையும் அடைக்கிறம்" என்றபடி ஸப்வான் படலையில் நோட்டீஸை ஒட்டினார். "ஊட்ல எத்தின பேர் ஈக்கீங்க?"



"நான் மட்டுந்தான் ஸேர்."