கை எந்த மாடியில்

…அசையக் கூடாது என்று சொன்னால்தான் மூக்கு அரிக்கும், இவ்வளவு நேரம் சும்மா கிடந்த மூக்கு, அக்குபங்சர் ஊசிக்காரம்மா திரையை இழுத்துவிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்குப் போனதும் ஆரம்பித்துவிட்டது, சனியன், வலிப்பது வலது தோள், ஊசி நிற்பதோ இடது காலில் முட்டிக்குக் கீழே, இன்னொன்று இடது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுச் சதையில், முதல் நாளே கேட்டுவிட்டேன், ஏம்மா, வீடு மாறி மணி அடிக்கிறீங்களே என்று, அவள் சிரித்தாள், தோளுக்குக் கால்ல இருந்தும் வழி இருக்கு டீச்சர், குத்தின இடத்துல கனமா, மந்தமா ஒரு இழுப்பு வரும், அது வந்தாத்தான் சரியான இடம், நரம்பு முழிச்சுக்கிட்டா உடம்பே தனக்கு வேண்டிய வலிமருந்தைச் சுரந்துக்கும் என்றாள், ஊசியும் ஊசியா அது, முடி கனம்கூட இல்லை, உள்ளே போனதே தெரியாது, அப்புறம்தான் ஈரத் துணியை முறுக்குவதுபோல ஓர் இழுப்பு, இப்போதுகூட இழுக்கிறது, இழுக்கட்டும், ஆனால் இன்றைக்கு அது இழுக்காமல் இருந்தால் தேவலை என்று எந்த நோயாளியாவது நினைப்பாளா?

கை சரியாகிவிட்டது. நேற்று சாயங்காலம் மேல் அலமாரியிலிருந்து பருப்பு டப்பாவை எடுத்தேன், எடுத்துத் திறந்த பிறகுதான் உறைத்தது, எந்தக் கையால் எடுத்தேன் என்று, அடுப்படியில் நின்று அசடுபோலச் சிரித்தேன், ஓடிப்போய் இவரிடம் சொல்லியிருக்க வேண்டாமா, எத்தனை நாள் கரும்பலகையின் கீழ்ப்பாதியிலேயே கணக்குப் போட்டு, மிஸ், மேல் பாதியை வாடகைக்கு விட்டுட்டீங்களா என்று பிள்ளைகளிடம் பேச்சு வாங்கினேன், ஆனால் வாய் வரவில்லை… சொன்னால் பின்னல் போச்சே. தலைக்குக் கை எட்டாமல் போனதும் முடியை ஒட்ட வெட்டிக்கொள்கிறேன் என்றேன், மகள் இருந்தால் பின்னிவிடுவாள், அவள் விடுதியில், எதுக்கு வெட்டணும், நான் பின்னுறேன் உட்காரு என்றார் இவர், லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பின்னலா, முதல் நாள் முறுக்கிய முறுக்கில் கண் இரண்டும் மேலே ஏறிவிட்டன, ஐயோ, இது கம்பி இல்லைங்க, தலை என்று கத்தினேன். பின்னும்போது பேச ஆரம்பித்தார், அதுதான் விஷயம், கல்யாணமான நாளிலிருந்து ம், சரி, பார்க்கலாம், இதற்கு மேல் வாய் திறக்காத மனுஷன், முகத்தைப் பார்க்காமல் முதுகைப் பார்த்துப் பேசுவது சுலபமோ என்னவோ, மூடின லிஃப்டுக்குள்ள நின்னா எனக்கு இன்னிக்கும் நெஞ்சு அடைக்கும், யார்கிட்டயும் சொன்னதில்ல என்று ஒருநாள் சொன்னார், நான் தலையைத் திருப்பினேன், திரும்பாதே, கோணிடும் என்று தலையைப் பிடித்துக்கொண்டார், அந்தக் கை என் தலையில் அப்படியே கொஞ்சநேரம் இருந்தது. தோள் சரியானால் சீப்பு என் கைக்கு வந்துவிடும், ம், சரி, பார்க்கலாம் திரும்ப வந்துவிடும், எனக்கு அது வேண்டாம், வலி போகட்டும், இது மட்டும் போகக் கூடாது, நடக்கிற காரியமா இது?

திரை விலகியது. காலில் இருக்கும் ஊசியை இரண்டு விரலால் லேசாகத் திருகிக்கொண்டே, எங்க, இப்ப வலது கையைத் தூக்குங்க டீச்சர் என்றாள். தூக்கினேன், தோள் மட்டம் வந்ததும் பல்லைக் கடித்து, ஆ என்றேன், என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது, அவள் தோளை அமுக்கிப் பார்த்து, நல்லா இளகித்தானே இருக்கு, எங்க பிடிக்குது என்றாள், இங்க… இல்ல, கொஞ்சம் கீழ… வயிற்றுவலி என்று கையைத் தூக்கும் பையன்களைப் பார்த்த பார்வையிலேயே பிடித்துவிடுகிறவள் நான், அவள் ஊசிகளை உருவிப் பஞ்சை வைத்து அழுத்தினாள், சரி, அடுத்த வாரமும் வந்துடுங்க என்றாள், நம்பினாளா இல்லையா தெரியவில்லை.

வெளியே இவர் பெஞ்சிலிருந்து எழுந்து என் பையை வாங்கிக்கொண்டார். எந்த மாடி? இது அவர் கேலி, இடுப்பு தரைத்தளம், தோள் இரண்டாவது மாடி, தலைக்கு மேலே மொட்டை மாடி. ரெண்டாவதுதாங்க, அதுக்கு மேல ஏறமாட்டேங்குது என்றேன், என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அப்படியா என்றார். இரண்டு படி எனக்கு முன்னால் இறங்கினார், திரும்பவில்லை, விடியக்காலையில தண்ணி குடிக்க எந்திரிச்சேன், நீ வலது கையைத் தலைக்கு மேல போட்டுக்கிட்டு நல்லாத் தூங்கிட்டிருந்தே என்றார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை, பார்த்து இறங்கு, படி ஈரமா இருக்கு என்றார். முகம் குப்பென்று எரிந்தது, மாட்டிக்கொண்டேன், என்ன நினைப்பார், இத்தனை வயதில் பள்ளிக்கூடப் பிள்ளைமாதிரி நாடகம் என்று… விடியற்காலையிலேயே பார்த்திருக்கிறார், ஒரு வார்த்தை கேட்கவில்லை, பல் தேய்க்கும்போது கேட்டிருக்கலாம், காப்பி குடிக்கும்போது கேட்டிருக்கலாம், அதற்கப்புறம்தானே சீப்பை எடுத்துக்கொண்டு வந்து, உட்காரு, நேரமாச்சு என்று கூப்பிட்டார்… அவர்தானே கூப்பிட்டார், நான் கூப்பிடவில்லையே.