பரங்கிக்காயும் லீலண்டின் மீசையும்

படம் கழுவுவதற்காகக் குளியலறை விளக்கை அணைக்கப் போனபோதுதான் வெர்னா அதைப் பார்த்தாள்.

கேமராவில் செருகும் ஃபிலிம் ஹோல்டரில் பக்கத்துக்கு ஒரு தாளாக இரண்டு ஃபிலிம், பக்கத்துக்கு ஒரு மூடி. மூடியின் வெள்ளை விளிம்பு வெளியே தெரிந்தால் படம் எடுக்கவில்லை என்று அர்த்தம். எடுத்ததும் கறுப்பு வெளியே வரத் திருப்பிச் செருக வேண்டும். அவள் எடுத்தது இரண்டு படம். கறுப்பு ஒன்றுதான் இருந்தது.

வியாழக்கிழமை கணவன் ஆர்வில்லின் பரங்கிக்காயை, சுற்றிக் கட்டிய அளவுநாடாவோடு எடுத்தாள். மூடியைத் திருப்ப மறந்திருக்கிறாள். இன்று மதியம் ஷெட் வாசலில் வாயைப் பிளந்து தூங்கிய கொழுந்தன் லீலண்டை, ஆசை தாங்காமல், அதே தாளில் எடுத்திருக்கிறாள்.

பரங்கிக்காய் வெள்ளிக்கிழமை வெடித்தது. மிச்சத்தை மான்கள் தின்றுவிட்டன. சுற்றளவு நூற்று அறுபது அங்குலத்தைத் தாண்டியது என்று ஆர்வில் சொன்னான். இல்லை என்றான் லீலண்ட். பந்தயத்தில் தோற்றவன் மீசையை எடுக்க வேண்டும். மீசையில்லாத ஆர்வில்லைக் கல்யாண ஆல்பத்தில் வெர்னா பார்த்திருக்கிறாள். ஒருமுறை பார்த்ததே போதும்.

"என்ன சத்தமே காணோம்?" என்றான் லீலண்ட் கதவுக்கு வெளியே. "பரங்கிக்காய் வரைஞ்சுட்டு இருக்கியா?"

"வாயை மூடுடா," என்றான் ஆர்வில்.

இருட்டில் தாளைத் தடவி, ஓரத்து வெட்டு வலது மேல்மூலையில் இருக்கப் பிடித்து, மருந்துப் பக்கம் உள்ளே வளைய, படம் கழுவும் டிரம்முக்குள் செருகினாள். மூடி இறுகியது. விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்தாள்.

"நான்தான் உருட்டுவேன்," என்றான் லீலண்ட். "புருஷனுக்காக நீ என்ன வேணா பண்ணுவே."

"தாராளமா உருட்டு. நிறுத்தாம உருட்டணும்."

டெவலப்பரை ஊற்றினாள். லீலண்ட் தரையில் மண்டியிட்டு ஏழு நிமிடம் உருட்டினான். ஆர்வில் குளியல்தொட்டி விளிம்பில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தான். வெர்னா அவன் பக்கம் பார்க்கவில்லை. ஃபிக்சருக்கும் லீலண்ட்தான் உருட்டினான். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்தான்.

ஜன்னலை மறைத்த கறுப்புத் துணியை விலக்கி, கழுவிய தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பெரிய உருண்டை. உருண்டைக்குள் ஒரு முகம்.

"யார் இது?" என்றான் ஆர்வில்.

"உன் தம்பி. மூடியைத் திருப்ப மறந்துட்டேன்."

லீலண்ட் சிரித்ததில் கண்ணாடிக்கதவு அதிர்ந்தது. "நாடாவெல்லாம் என் மூஞ்சிக்கடியில போச்சு! ஆர்வில், ரேசர் எங்கே?"

வெர்னா உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தாள். கன்னம், மூக்கு, மீசை எல்லாம் நாடாவை விழுங்கியிருந்தன. நிழல் மட்டும் எதையும் மறைப்பதில்லை. பிளந்த வாய் ஒரே இருட்டு, அதனால் நெகடிவில் அந்த இடம் கண்ணாடி மாதிரி தெளிவு. அதற்குள் நாடாவின் முனை கறுப்பாகத் தெரிந்தது. முனை தொட்ட எண்ணை மெதுவாகப் படித்தாள்.

"நூத்தி அறுபத்தி ஏழு."

"எங்கே?"

"உன் வாயில."

லீலண்ட் பார்த்தான். உருப்பெருக்கியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"இது செல்லாது."

"டிரம்மை உருட்டினது நீதானே?" என்றான் ஆர்வில்.

"செல்லாட்டி பரவாயில்ல," என்றாள் வெர்னா. "நல்ல நெகடிவ். கதவளவு பெரிசு பண்ணலாம். ஊர் நூலகச் சுவர் காலியா இருக்கு."

லீலண்ட் உருப்பெருக்கியைக் கீழே வைத்தான். பிறகு கண்ணாடி அலமாரியைத் திறந்து ரேசரை எடுத்தான்.

"இரு, இரு," என்று வெர்னா கேமராவை எடுக்க ஓடினாள். ஹோல்டரின் மறுபக்கத்தைத் திருப்பினாள். வெள்ளை. இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள்.