தனபால் வீட்டுக்கு டிவி சீர் வந்த கதை

தனபாலுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் எதுவும் இருக்க முடியாது என்பது தனபாலின் உறுதியான அபிப்பிராயம். போத்தனூரில் மோட்டார் பம்ப் கடை வைத்திருந்தார். மதுக்கரை ரோட்டில் சொந்த வீடு எழும்பத் தொடங்கியதும் அவருடைய கவனமெல்லாம் பம்பை விட்டு டிவிக்குத் தாவிவிட்டது. பிளாஸ்மாவும் எல்சிடியும் கடைகளில் தோளோடு தோள் உரசி நின்ற காலம் அது. கிணற்றில் தண்ணீர் ஏறவில்லை என்று வந்த விவசாயிகூட, பிளாஸ்மாவில் கறுப்பு எப்படிக் கறுப்பாகவே தெரியும் என்பதைக் கேட்டுவிட்டுத்தான் கடையை விட்டு வெளியேற முடிந்தது.

மனைவி கீதாவுக்கு இந்தப் பாடம் மூன்று வேளையும் நடந்தது. "எல்சிடியெல்லாம் ஒரு டிவியா புள்ள? பக்கவாட்டுல உக்காந்து பாத்தா பேயறைஞ்ச மாதிரி வெளுத்துத் தெரியும்" என்பார் திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை வருவதற்குள் காற்று திரும்பிவிடும். "பிளாஸ்மா கரண்டக் குடிச்சுப்போடும். நம்ம இன்வெர்ட்டர் தாங்காது." ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் பிறகு பேச ஒன்றும் இருக்காதே என்ற பயம் மனிதருக்கு. கீதாவுக்கு அது தெரியும். தெரிந்ததைச் சொல்லிக்கொள்கிற பழக்கம்தான் அவளுக்கு இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், டிவியை வாங்கப் போவது தனபால் இல்லை. கிரகப்பிரவேசத்துக்குப் பிறந்த வீட்டுச் சீராக டிவி கொண்டுவருவதாகக் கீதாவின் தம்பி சபரீஷ் சொல்லியிருந்தான். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பையன். அக்கா என்றால் உயிர். சீரில் இன்னதுதான் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பது கௌரவக் குறைச்சல் என்பதால் தனபால் கேட்கவில்லை. "மாப்ள பிரியப்பட்டதக் கொண்டாரட்டும், நாம என்னத்தச் சொல்றது" என்றார் பெருந்தன்மையாக. வந்த பிறகு சொல்வதற்குத்தான் அத்தனையையும் சேர்த்து வைத்திருந்தார்.

கீதா பயந்தது அதற்குத்தான். அவள் கல்யாணத்துக்கு அப்பா ஆசையாசையாக ஒரு கிரைண்டர் கொண்டுவந்தார். பொள்ளாச்சியிலிருந்து, கிரைண்டருக்கே பேர்போன கோயமுத்தூருக்கு! கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிட்டது. அப்பா போய்ச் சேர்ந்தார், கிரைண்டரும் பழைய இரும்புக்குப் போனது, பேச்சு மட்டும் தேயவே இல்லை. பக்கத்து வீட்டுக் கார் கிளம்ப மறுத்தால்கூட, "பொள்ளாச்சிக் கிரைண்டராட்டம் இருக்குது" என்பாள் மாமியார் சென்னியம்மாள். அப்பாவை வைத்துச் சிரித்த வாய்கள் தம்பியை வைத்தும் சிரித்துவிடக் கூடாது என்பதுதான் கீதாவின் ஒரே வேண்டுதல்.

கடைக்குப் போன சபரீஷ் அங்கிருந்தே போன் செய்தான். "ஏனுங்க்கா, மச்சானுக்கு எதுங்க புடிக்கும்? பிளாஸ்மாவா, எல்சிடியா?"

"எது வந்தாலும் புடிக்காது கண்ணு" என்றாள் கீதா.

பிறகு கொஞ்சம் யோசித்தாள். வாஸ்துக்காரர் சொன்னார் என்று கிழக்குச் சுவரில் யானை நுழைகிற அளவுக்கு ஜன்னல் வைத்திருந்தார்கள். டிவிக்கு விட்டிருந்த இடம் நேர் எதிரே. பிளாஸ்மாவை மாட்டினால் அதன் கண்ணாடியில் ரோட்டில் போகும் சிமெண்ட் லாரியைத்தான் பார்க்கலாம். தினமும் கரண்ட் வேறு போய்ப் போய் வருகிறது.

"எல்சிடியே எடுத்துரு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாத."

தனபால் மாதக்கணக்கில் ஆராய்ந்ததை, குழம்பு கொதித்து இறங்குவதற்குள் முடித்துவிட்டாள்.

கிரகப்பிரவேசத்தன்று, தெருமுனைப் பிள்ளையார் கோயிலிலிருந்து மேளத்தோடு சீர் புறப்பட்டது. பழத்தட்டு, தேங்காய்த்தட்டு, பட்டு வேட்டி சேலை எல்லாம் முன்னால் வர, நடுநாயகமாக டிவி. அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்தால் ஊர் சனத்துக்கு எப்படித் தெரியும்? பெட்டியைப் பிரித்து, மாலை போட்டு, இரண்டு பேர் சாமியைத் தூக்குவதுபோல ஏந்தி வந்தார்கள். கூடத்தில் மேசை மேல் இறக்கியதும் தனபால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து பின்பக்கத்தைப் படித்தார்.

"ஓ... எல்சிடிங்களா" என்றார். "நல்லதுதானுங்க மாப்ள. பிளாஸ்மா கெடைக்கலீங்களாக்கும்?"

கொங்கு நாட்டில் குத்தினாலும் 'ங்க' போட்டுத்தான் குத்துவார்கள். சபரீஷ் சிரிக்க முயன்றான். கீதா அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் பந்திப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சீராக வந்த பொருளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துத்தான் வீட்டுக்காரர் ஏற்றுக்கொள்ள வேண்டும். அரிசி மூட்டைக்கு ஆயிற்று, குத்துவிளக்குக்கு ஆயிற்று. "தனபாலு, டிவிக்கும் பொட்டு வெச்சுப்போடு. நல்ல நேரம் போகுதல்ல?" என்றாள் சென்னியம்மாள்.

"மச்சான், சட்டத்து மேல வெச்சுருங்க" என்றான் சபரீஷ் பதறி. "ஸ்க்ரீன்ல கை வெச்சு அழுத்தக் கூடாதுன்னு கடையில சொன்னாங்க."

வேறு யார் சொல்லியிருந்தாலும் ஒருவேளை கேட்டிருப்பார். சொன்னது பொள்ளாச்சி. "டிவியப் பத்தி எனக்கே பாடமுங்களா மாப்ள?" என்று சொல்லி, சந்தனத்தில் கட்டைவிரலைத் தோய்த்து, திரையின் நட்டநடுவில் ஓர் அழுத்து அழுத்தினார். ஆயுத பூஜைக்கு மோட்டார்களுக்கு வைக்கிற அதே வேகம். வார்ப்பு இரும்புக்கே பழகிய விரல். குங்குமத்துக்கும் அப்படியே இன்னொன்று.

பிறகு ஈரத்துணியால் துடைத்து டிவியைப் போட்டார்கள். படம் வந்தது. படத்தின் நடுவே நசுங்கிய நாவல்பழம் மாதிரி கறுப்பாக ஒரு திட்டும் வந்தது. தனபால் துடைத்தார். திட்டு போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தார். திட்டு கொஞ்சம் பெரிதானது.

மனிதர் கலங்கவே இல்லை. "பாத்தீங்களா!" என்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இதுக்குத்தான் பிளாஸ்மா வேணுங்கறது. முன்னால கெட்டிக் கண்ணாடி இருக்கும். எத்தன பொட்டு வெச்சாலும் அசையாது. எல்சிடி வாழத்தண்டாட்டமுங்க." புத்தம்புது டிவி பாழான வருத்தம் துளியும் இல்லை, தன் வாக்கு பலித்துவிட்ட பூரிப்பு. சொந்தக்காரர்கள் தலையாட்டினார்கள். "சம்பந்தி ஊட்டுச் சீரு என்னைக்குத்தான் வெளங்கீருக்குது" என்றாள் சென்னியம்மாள், அங்கலாய்ப்பாக.

சபரீஷின் முகம் சுண்டிப்போனது. "நாளைக்கே மாத்திக் கொண்டாந்தர்றேனுங்க மச்சான். பிளாஸ்மாவே கொண்டாந்தர்றேன்."

கீதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த பன்னீர்ச் செம்பை நங்கென்று வைத்தாள்.

"ஒண்ணும் மாத்த வேண்டாம் கண்ணு" என்றாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். "எல்சிடி எடுக்கச் சொன்னது நாந்தானுங்க. எந்தம்பி முழுசாக் கொண்டாந்து முழுசாத்தானுங்க குடுத்தான். ஒடைச்சது இந்த ஊடு. ஒடைக்க ஒடைக்கக் குடுத்துட்டே இருக்கறதுக்குப் பேரு சீர் இல்லீங்க."

சென்னியம்மாளுக்குத் திடீரென்று சமையற்காரரிடம் வேலை வந்துவிட்டது.

"அதுக்கென்ன இப்ப... நாமளே வேற ஒண்ணு வாங்கிக்கலாம் புள்ள" என்றார் தனபால், குரல் இறங்கி.

"வாங்கலாமுங்க. எதுன்னு முடிவு பண்ணிச் சொல்லுங்க, வாங்கலாம்."

மழைக்காலம் வந்து போய்விட்டது. தனபால் இன்னும் முடிவு பண்ணவில்லை. அந்த எல்சிடிதான் சுவரில் தொங்குகிறது. கிரிக்கெட் பார்க்கும்போது பந்து திட்டுக்குள் போய்க் காணாமல் போகும். தனபால் கழுத்தை நீட்டிக் காத்திருப்பார். வருகிறவர்கள் எல்லாரும் "ஏனுங்க, நடுவுல அது என்னங்க கறுப்பா?" என்று தவறாமல் கேட்கிறார்கள். டிவி பற்றி ஒரு கேள்விக்கு ஒரு மணி நேரம் பதில் சொன்ன மனிதர், இப்போது சமையலறைப் பக்கம் பார்க்கிறார்.

கீதா காப்பித் தட்டோடு வருகிறாள். "அதுங்களா?" என்கிறாள், மரியாதை ஒரு சொட்டும் குறையாமல். "எங்கூட்டுக்காரரு கட்டவெரலுங்க."