சாய்ந்து தொங்கிய தீனார்

இது என் கண்ணின் பிழையாகவே இருக்கட்டும். இத்தனை வருடம் பிறர் காசுகளில் குறை தேடிய கண் இன்று ஒருநாள் தவறிப்போனால் என்ன? மேகம் மறைத்திருக்கலாம். லென்ஸில் தூசி இருந்திருக்கலாம்.

வசீலா லென்ஸைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்ததுதான். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப்போட்டாள். உட்கார முடியவில்லை. நின்றபடியே அந்தப் பொன் தீனாரை விளிம்பில் பிடித்து வெயிலில் மெல்லச் சாய்த்தாள். அந்த வட்டம் அங்கேயே இருந்தது.

அவள் அப்பா, பாபா, இறந்த பிறகு அவர் சேர்த்த பழங்காசுகளை இந்த ஊர், மஹ்தியா நகராட்சி, கேட்டு வாங்கியிருந்தது. அவர் பெயரிலேயே ஓர் அறையில் காட்சிக்கு வைக்க. நாளை காலை வந்து பெட்டியை எடுத்துப்போவார்கள். அதற்குள் போலிகளைக் களைந்துவிட்டு மீதி சரி என்று அவள் சொல்ல வேண்டும். தலைநகர அருங்காட்சியகத்தில் காசுகளோடே வாழ்பவள் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசப்போவதில்லை.

காலையில் வேலை சுலபமாகத்தான் போனது. இரண்டு வெள்ளிக்காசுகள் அச்சடிக்காமல் வார்த்தெடுத்த போலிகள். எழுத்துகள் சோப்பில் செதுக்கியதுபோல மழுங்கியிருந்தன, மேலெல்லாம் ஊசிமுனைக் குழிகள், விளிம்பில் வார்ப்பின் தையலை அரத்தால் அழித்த தடம். ஒரு செம்புக்காசில் ஆண்டைச் சுரண்டி வேறு ஆண்டாக்கியிருந்தார்கள். அந்த ஓர் எழுத்தைச் சுற்றி மட்டும் பள்ளம். பாபாவும் ஏமாந்திருக்கிறார் என்று நினைத்தபோது அவர்மேல் பிரியம்கூட வந்தது.

பிறகுதான் பெட்டியின் நடுக்குழியிலிருந்த தீனாரை எடுத்தாள். ஆயிரம் வருடத்துக்கு முன் இதே ஊரில் அச்சடித்த பொன். ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் ஒரு வியாபாரியிடம் வாங்கியதாகப் பாபா சொல்வார். யாரையும் தொடவிட்டதில்லை.

நகையில் கோக்கத் துளையிட்டு, பிறகு துளையை அடைத்த காசென்றால் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். அடைத்த இடத்தில் புதிதாக வெட்டிய கோடு பழைய கோட்டோடு ஒட்டாது. இதில் எழுத்துக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் பக்கவாட்டில், எழுத்தில்லாத இடைவெளியில், காசு முழுக்க ஓடிய நுண்கீறல்கள் ஒரு சிறு வட்டத்தின் கரையில் நின்றுபோய், அடுத்த கரையில் மறுபடி தொடங்கின. திருப்பிப் பார்த்தாள். நேர் பின்னால் அதே வட்டம். கீறலில்லாத, வழவழப்பான பொன். அடைத்த துளைதான்.

இந்த ஊரில் மணப்பெண் மார்பில் பொன்காசுகளைக் கோத்து அணிவாள். தட்டார் காசின் உச்சியில்தான் துளை போடுவார். உம்மாவின் காசை, இதேபோன்ற பழைய தீனாரை, துளைத்த கிழவர் மட்டும் இறைவன் பெயர்மேல் ஊசி பட்டுவிடுமோ என்று பயந்து, இரு பக்கமும் எழுத்தில்லாத இடம் தேடி, பக்கவாட்டில் போட்டுவிட்டார். எழுத்தெல்லாம் சாய்ந்து தொங்கியது. கல்யாணத்தில் பெண்கள் சிரித்தார்களாம். வெட்கத்தில் உம்மா அதை விரலால் நிமிர்த்திக்கொண்டே இருந்தாளாம். அந்தக் காசில் கன்னம் அழுந்த வசீலா தூங்கியிருக்கிறாள். அது காணாமல் போய் முப்பது வருடமாகிறது. உம்மாவின் விரல் மட்டும் இன்னும், எதையாவது யோசிக்கும்போது, நெஞ்செலும்பருகே போய் ஒரு திருப்புத் திருப்பும்.

தொலைந்துவிட்டது என்று உம்மா சொன்னாள். "தொலையலை, அவ தம்பி வீட்டுக்கு நடந்து போயிருக்கு" என்றார்கள் அத்தைகள். மாமாவின் படகு உடைந்திருந்த சமயம். பாபா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாமா அன்று இந்த வாசலை விட்டு இறங்கியவர்தான். இன்றும் துறைமுகத்தில் வலை பின்னுகிறார். உம்மா மீன் வாங்கும் சாக்கில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

திருடி அடைத்து வைப்பதற்குப் பதில் கேட்டிருந்தால், உம்மாவே கழற்றிக் கொடுத்திருப்பாளே, பாபா.

"இன்னும் முடியலியா?" தம்பி முன்திர் வந்து கட்டிலில் சாய்ந்தான். "நீ மத்தி வாங்கப்போனாலும் லென்ஸ் வெச்சுத்தான் செதில் பாப்ப போல."

அவள் லென்ஸை நீட்டினாள். எங்கே பார்க்க வேண்டுமென்று காட்டினாள். அவன் வெகுநேரம் பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் கேலி இல்லை.

"உம்மாவோடதா?"

"வேற எந்தத் தட்டான்டா இந்த இடத்துல துளை போடுவான்?"

அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். "அக்கா, நான் சொல்றதக் கேளு. அந்த மனுஷன் மண்ணுக்குள்ள இருக்கார். உம்மா நாளைக்கு அவங்க வரும்போது போட புதுச் செருப்பு வாங்கி வெச்சிருக்கா. இது தெரிஞ்சா அவளுக்கு என்ன மிஞ்சும்? அடைச்ச காசுன்னு உன்னைத் தவிர யாருக்குத் தெரியப்போகுது? குழியில வெச்சு மூடு. எல்லாம் சரின்னு ஒரு வார்த்தை சொல்லு."

"மாமா?"

"மாமாவுக்குப் பழகிப்போச்சு."

வசீலா ஜன்னலைத் திறந்தாள், உப்புக்காற்று பட்டதும் மூடினாள். சொன்னால் உம்மாவுக்குப் பேர் திரும்பும், ஆனால் அவள் மனதிலிருக்கும் புருஷன் போய்விடுவார். எதைக் கொடுக்க, எதைப் பிடுங்க எனக்கு என்ன உரிமை? அவளுக்காகத்தான் கொதிக்கிறேனா, ஏமாந்த என் பிரியத்துக்காகவா? ஆனால் பேசாமலிருந்தே ஒருத்திமேல் பழி விழவிட்டவர் பாபா. அந்தப் பேசாமையைத்தான் இப்போது முன்திர் என் கையில் தருகிறான்.

கதவை இடித்துக்கொண்டு உம்மா வந்தாள். தட்டில் காப்பி, ஆரஞ்சுப்பூ மணம்.

"கதவச் சாத்திட்டு அக்காவும் தம்பியும் என்னடி ரகசியம்? எனக்கு மாப்பிள்ளை பாக்கறீங்களா?" அவளே சிரித்தாள். பெட்டியை எட்டிப் பார்த்தாள். "வாழ்நாள் பூரா இதுங்களையே உத்து உத்துப் பாத்தார். என் மச்சம் எந்தக் கன்னத்துலன்னு கேட்டிருந்தா முழிச்சிருப்பார், பாவம். எல்லாம் நல்ல காசுதானே? நாளைக்கு நாலு பேர் முன்னால அவரைத் தலைகுனிய வெச்சிடாதடி."

"எல்லாம் சரியாத்தான் இருக்கு உம்மா," முன்திர் முந்திக்கொண்டான். நடுக்குழி காலியாக இருந்தது. அதைக் கையால் மறைத்தபடி அக்காவைப் பார்த்தான். "அக்கா பாத்துட்டா. நீயே சொல்லேன்க்கா."

உம்மா பதிலுக்குக் காத்திருந்தாள். காத்திருக்கும்போது அவள் விரல் நெஞ்செலும்பருகே போய், அங்கே இல்லாத எதையோ மெல்லத் திருப்பி நிமிர்த்தியது.

முன்திர் தீனாருக்காகக் கையை நீட்டினான். வசீலா அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"இல்லடா," என்றாள், குரலை உயர்த்தாமல். "இத நான் சரின்னு சொல்ல மாட்டேன்."