டாக்டர் மெட்சசால்மாவின் விண்ணப்பம்

எங்கள் ஊர் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதுகிறவன் நான். நாற்பத்திரண்டு வீடுகளுக்கு மெட்சசால்மா என்று ஒரே குடும்பப் பெயர் இருக்கிற ஊரில் அது லேசான வேலை இல்லை. இத்தாலிய மொழியில் மெட்சா என்றால் பாதி, சால்மா என்றால் பிணம். ஆனாலும் சிசிலியின் இந்த மலைச்சரிவில் அதைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை. காது பழகிவிட்டது.

சிரித்தவர்கள் வடக்கே இருந்தார்கள். அந்த நாற்பத்திரண்டு வீடுகளில் ஒன்றில் பிறந்த கொர்ராதோ அங்கே போய் மருத்துவம் படித்தான். 1974இல், செப்டம்பரிலிருந்து மோதெனா நகரத்து ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவர் வேலை என்று கடிதம் வந்தது. ஜூலை மாதமே என் ஜன்னலுக்கு வந்துவிட்டான்.

"சரோ அண்ணே, என் பேரை மாத்தணும்."

"ஏன் டாக்டர்?"

"ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல 'டாக்டர் பாதிப்பிணம்'னு பலகை தொங்கினா நீங்க உள்ள வருவீங்களா?"

யோசித்தேன். வரமாட்டேன்தான்.

"பயிற்சி காலத்துல ஒரு பெரியவர் என் பேரைக் கேட்டுட்டுக் கட்டில்ல இருந்து எறங்கினார் பாருங்க, கையில குத்தின ஊசியோட பஸ் ஏறிட்டார்."

வித்தாலே என்று மாற்றிக்கொள்ள விரும்பினான். உயிருள்ளவன் என்று பொருள். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று நகராட்சிப் பலகையில் முப்பது நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்பது விதி. ஒட்டினேன். பசை காயவில்லை, ஜோர்ஜா வந்துவிட்டாள்.

ஜோர்ஜா அவனுடைய அப்பாவின் அக்கா. சந்தையில் கசாப்புக்கடை. 'மெட்சசால்மா இறைச்சிக்கடை' என்ற பலகைக்குக் கீழேயே பாதிப் பாதிப் பன்றியாகத் தொங்கவிட்டு முப்பது வருஷமாக வியாபாரம் செய்கிறவள். ரத்தக்கறை ஏப்ரனோடு வந்து நின்றாள். பின்னால் பதினைந்து உறவினர்கள். கொர்ராதோவும் அங்கேதான் இருந்தான்.

"ஏண்டா, எங்க பேரு உனக்கு நாறுதா?"

"அத்தை, உங்க பலகையை வடக்கத்தியான் பார்த்தா போலீஸைக் கூப்பிடுவான்."

"கூப்பிடட்டும். அவனுக்கும் அரைக் கிலோ தொத்திறைச்சி குடுப்பேன். சால்மான்னா பிணம்னு எவன்டா சொன்னான்? சால்மான்னா நிலம்! அரை சால்மா நிலம் வெச்சிருந்த பரம்பரைடா நாம. படிச்சியே, இதைச் சொல்லித் தரலையா?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அரை சால்மா நிலம் என்றால் இரண்டு ஏக்கருக்கு மேல் வரும். அது இப்போது எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். அந்தக் காலத்து நிலப்பிரபு பாரோன் பிடுங்கியிருப்பான் என்றார் இன்னொருவர். ஐந்து நிமிடத்தில் கொர்ராதோவை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் அந்த நிலத்துக்கு ஆதாரம் தேடி எல்லாருமாகக் கோயில் பதிவேட்டைப் பார்க்கப் போனோம். ஒரு மெட்சசால்மா நிலம் அளக்கிற கயிறும் கொண்டுவந்திருந்தார். பங்குச் சாமியார் தோன் விர்ஜீனியோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு 1687ஆம் வருஷத்துத் திருமணப் பக்கத்தைத் திறந்தார். லத்தீன். பெயர் அதில்தான் முதன்முதலாக வருகிறது என்றார்.

"சாமி, எல்லை போட்டிருக்கா?" என்றாள் ஜோர்ஜா.

"நிலம் எதுவும் இல்லம்மா. கழுதைதான் இருக்கு."

"என்ன கழுதை?"

"சால்மான்னா ஒரு கழுதை சுமக்கிற தானியம். அதை விதைக்கிற நிலத்துக்கும் அதே பேர் வந்துடுச்சு. இங்க எழுதியிருக்கிறதைக் கேளுங்க." மெதுவாக மொழிபெயர்த்தார். "மணமகன் பியாஜோ, கழுதைக்காரன். எல்லாரும் ஆலைக்கு ஒரு சால்மா கோதுமை ஏற்றிப்போக, இவன் அரை சால்மாதான் கொண்டு சேர்ப்பான். மீதி எங்கே என்று கேட்டால் கழுதையைப் பார்ப்பான். ஆகவே ஊரார் இவனை மெட்சசால்மா என்கிறார்கள்."

கயிறு கொண்டுவந்தவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

முதலில் சிரித்தது கொர்ராதோ. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். "கழுதைதானா! பிணம்னு நெனச்சு ஆறு வருஷம் தூங்கலை சாமி. கழுதையோட நான் தாராளமா வாழ்ந்துடுவேன். நோயாளி கேட்டா இந்தக் கதையைச் சொல்றேன். சிரிச்சிட்டே மயக்க மருந்து வாங்கிப்பான்."

ஜோர்ஜாவின் முகம் வெளுத்துவிட்டது. "சாமி, இது வெளிய போகக்கூடாது. பிணம்னு சொன்னாக்கூடத் தாங்கிப்பேன். கசாப்புக்கடைக்காரியைப் பார்த்து எடை குறைக்கிற வம்சம்னு சொன்னா கடையை மூட வேண்டியதுதான்!"

பதினைந்து உறவினர்கள் கேட்ட பிறகு எது உள்ளே தங்கும்? மத்தியானத்துக்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது. மீன்காரன் தெருவிலிருந்தே கத்தினான். "ஜோர்ஜாக்கா, ஒரு கிலோ குடு. மீதியைக் கழுதைகிட்ட கேட்டுக்கறேன்!"

அடுத்த நாள் அவளே என் ஜன்னலில் நின்றாள். குரலைத் தாழ்த்தினாள். "சரோ, அந்த வித்தாலேங்கற பேரு... பொம்பளைங்களுக்கும் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க. ஆனா முப்பது நாள் பலகையில ஒட்டணும் அக்கா."

"ஒட்டினா எல்லாரும் படிப்பாங்களே!"

"அதுக்குத்தானே ஒட்டறது."

பெருமூச்சு விட்டுப் போய்விட்டாள். கொர்ராதோ தன் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு செப்டம்பரில் அதே பெயரோடு மோதெனாவுக்கு பஸ் ஏறினான். ஜோர்ஜா கடையில் புதுத் தராசு வாங்கி, முள் வாடிக்கையாளர் பக்கம் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தாள். கிலோ கேட்டவனுக்கு முள் தாண்டும்வரை போட்டாள். யாராவது வாயைத் திறப்பதற்குள் இன்னொரு துண்டும் போட்டாள். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஊரில் எல்லாருக்கும் ஒரு சுற்று சதை போட்டது.