கிங்ஸ்பரியில் ஒரு பார்சலோனா

ஒலிம்பிக் முடிந்த அடுத்த கோடையில், தான் பார்சலோனா போகப் போவதாகத் தில்லையம்பலம் லண்டன் கிங்ஸ்பரித் தமிழ்ச் சனம் முழுவதற்கும் சொல்லிவிட்டார். விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே சொல்லிவிட்டார். கவுன்சில் கணக்குப் பகுதியில் வேலை பார்க்கிறவர், எதையும் இரண்டு தரம் சரிபார்க்கிறவர். நாக்கை மட்டும் ஒரு தரமும் சரிபார்த்ததில்லை.

கோயில் மண்டபத்தில் பாலேந்திரா தன் பாரிஸ் பயணத்தை அளந்துகொண்டிருந்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். பாலேந்திரா வருடாவருடம் பாரிசுக்குப் போய், தமையன் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி சாப்பிட்டு, கோபுரத்தைப் பஸ் ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு வருகிற ஆள். தில்லையம்பலத்துக்குப் பொறுக்கவில்லை.

"அதெல்லாம் ஒரு பயணமே, பாலேந்திரா? நாங்கள் இந்த முறை பார்சலோனா போறம். டூரிஸ்ட் மாதிரி இல்லை. அந்த ஊர்ச் சனம் மாதிரி நடந்து, தின்று, இருந்து பாக்கப் போறம்."

பக்கத்தில் நின்ற சிவமலருக்கே அப்போதுதான் விஷயம் தெரியும். கிங்ஸ்பரிக்கு வந்து இத்தனை வருடமாகியும் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரனோடு மழையைத் தவிர வேறொன்றும் பேசாத புருஷன், ஒரு வாரத்தில் பார்சலோனாக்காரனாகப் போகிறார்!

அகதிப் பயணப் பத்திரத்தில் போகிறவர்களுக்கு விசா கிடைக்க நாளாகும். தில்லையம்பலம் பந்தாவெல்லாம் காட்டி முடித்து, அவசரமில்லாமல் ஆறுதலாக விண்ணப்பித்தார். விசாவும் ஆறுதலாகவே இருந்தது. வரவில்லை. அதற்குள் லீவு எடுத்தாயிற்று, கோயிலில் அர்ச்சனை செய்தாயிற்று, சபாரத்தினம் அண்ணை வீட்டில் விடையும் பெற்றாயிற்று.

"போகேல்லை எண்டு சொல்லுவமே" என்றாள் சிவமலர்.

"பாலேந்திரா சிரிப்பான்."

காரணம் அவ்வளவுதான். ஒரு மனிதனின் பல்லுக்குப் பயந்து, வளர்ந்த ஆட்கள் இருவர் சொந்த வீட்டில் திரையை இழுத்து மூடிக்கொண்டு ஒளிந்தார்கள்.

சிவமலருக்கு ஒளிந்திருப்பதில் ஒரே ஒரு மனக்குறை. சபாரத்தினம் அண்ணை வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அவர்கள் லண்டனில் வந்து இறங்கியபோது தன் முன்னறையைக் காலிசெய்து கொடுத்து, ஒரு குளிர்காலம் முழுவதும் சோறு போட்டவர் அவர். இப்போது நெஞ்சு வருத்தக்காரர். சிவமலர் அடிக்கடி போய்க் கஞ்சி வைத்துக் கொடுத்து, பக்கத்தில் இருந்து கதைத்துவிட்டு வருவாள். இந்த வாரம் யார் போவார்கள்?

தில்லையம்பலத்துக்கு அந்தக் கவலை இல்லை. நூலகத்தில் எடுத்த வழிகாட்டிப் புத்தகத்தோடு அவர் வீட்டுக்குள்ளேயே ஊர் சுற்றத் தொடங்கிவிட்டார். மாடிப்படி றம்ப்ளாஸ் வீதி. காய்கறி இருக்கும் குசினி சந்தை. குளியலறைப் பக்கம் மீனவர் குடியிருப்பு, அங்கே தண்ணீர்ச் சத்தம் கேட்பதால். முன்னறைதான் கிராசியா; அந்த ஊர்ச் சனம் மாலையில் சதுக்கத்தில் கூடிக் கதைக்கும் இடம். "டூரிஸ்ட் ஒருத்தரும் கிராசியாவுக்கு வராயினம், சிவமலர்" என்று சோபாவில் சாய்ந்துகொண்டு சொன்னார். டூரிஸ்ட் வராதது உண்மைதான். மத்தியானம் அந்த ஊர் வழக்கப்படி தூங்கினார். இரவுச் சாப்பாடு ஊர் அடங்கிய பிறகுதான் என்று பிடிவாதம் பிடித்து, பசியில் எரிந்து விழுந்தார். கடற்கரைக்குப் போய் வந்தவர்கள் கறுத்திருக்க வேண்டுமே என்று ஒரு கவலை வேறு. அந்தக் கவலைக்கு இடமில்லாத நிறத்தைத்தான் ஆண்டவன் அவருக்குக் கொடுத்திருந்தான்.

வியாழக்கிழமை தொலைபேசி அடித்தது. வழக்கம்போல எடுக்கவில்லை. செய்தி பதிகிற மெஷினில் பாலேந்திராவின் குரல் வந்தது.

"தில்லையண்ணை, நீங்கள் பார்சலோனாவில நிக்கிறியள் எண்டு தெரியும். வந்தவுடனை கேப்பியள்தானே எண்டு சொல்லுறன். சபாரத்தினம் அண்ணை இண்டைக்குக் காலமை மோசம் போயிட்டார்."

சிவமலர் மாடிப்படியிலேயே இருந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். தில்லையம்பலத்துக்கும் கண் கலங்கியது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் கண் துடைத்த கையோடு அவருக்கு யோசனை ஓடத் தொடங்கியது.

"நான் போறன்" என்று எழுந்தாள் சிவமலர்.

"எப்பிடிப் போவீர்? நாங்கள் பார்சலோனாவில."

"அப்ப நீங்கள் பார்சலோனாவில இருங்கோ. நான் செத்தவீட்டுக்குப் போறன்."

"பொறும், பொறும். மெஷினை அங்கையிருந்தே போனில கேட்டம், உடனை பிளேன் பிடிச்சு வந்தம் எண்டு சொல்லுவம். ஆனால் இண்டைக்கே ஏலாது. நாளைக்குப் பின்னேரம்."

அந்த ஒரு நாளுக்கு அவள் சம்மதித்தாள். பிறகு அதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

மறுநாள் பின் சந்துக்கு டாக்ஸி வந்தது. வெறும் பெட்டி இலேசாக இருந்தால் சந்தேகம் வருமென்று தில்லையம்பலம் அதற்குள் ஒரு அரிசிப் பையை வைத்திருந்தார். இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்கு டாக்ஸியில் போய், மூச்சு வாங்க அரிசியைச் சுமந்துகொண்டு இறங்கினார்.

வாசலில் நின்ற சனம் வழிவிட்டது. பாலேந்திரா ஓடிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டான்.

"ஹொலிடேயை விட்டிட்டு ஓடி வந்திருக்கிறார் மனிசன்! இதல்லோ நன்றி!"

இரண்டொருவர் தில்லையம்பலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் யாரோ, ஒரு பேச்சுக்கு, "எப்பிடியண்ணை ஊர்?" என்று கேட்டுவிட்டார்கள். முதலில் பெருமூச்சு விட்டார். அப்புறம் கிராசியா வந்தது, சந்தை வந்தது. நூறு வருடமாகக் கட்டி முடியாத ஒரு தேவாலயமும் வந்தது. கோயில் கட்டிட நிதிக்குப் பொறுப்பானவர் அதைக் கேட்டு முகம் மலர்ந்தார்.

உள்ளறையில் சபாரத்தினம் அண்ணையின் மனைவி பாலாம்பிகை அக்கா பெண்கள் நடுவில் இருந்தாள். சிவமலரைக் கண்டதும் கட்டிப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"எனக்காகப் பறந்து வந்தியே, பிள்ளை! கடைசி ரெண்டு நாளும் உன்னைத்தான் கேட்டவர். சிவமலர் வரேல்லையோ, சிவமலர் வரேல்லையோ எண்டு. நான்தான் சொன்னன், அதுகள் ஒருநாளும் ஒரு இடமும் போகாததுகள், சந்தோசமாய் இருந்திட்டு வரட்டும், குழப்பக் கூடாது எண்டு. ஓம் ஓம், வந்து சொல்லட்டும் எண்டார்."

சிவமலர் அக்காவின் பிடியிலிருந்து விலகினாள். வெளியே தில்லையம்பலத்தின் குரல் உற்சாகமாக உயர்ந்துகொண்டிருந்தது. அந்த ஊர்ச் சனம் ஒன்றுக்கும் அவசரப்படாதாம்.

"அக்கா, நாங்கள் ஒரு இடமும் போகேல்லை" என்றாள். "விசா வரேல்லை. வெக்கத்திலை வீட்டுக்குள்ளையே இருந்தனாங்கள்."

அக்காவின் அழுகை நின்றது. கோபப்படுவாள், நாலு பேர் முன்னால் ஏசுவாள் என்று சிவமலர் காத்திருந்தாள். ஏசினால் நல்லது என்றும் இருந்தது. பாலாம்பிகை அக்கா ஏசவில்லை. விளங்காத முகத்தோடு அவளைப் பார்த்தாள்.

"இஞ்சையே இருந்தனியள்? அப்ப ஏன் பிள்ளை வரேல்லை?"