கூரைக்குப் போகும் பிள்ளைகள்

காரைக்குடியில் நாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஓடும் காருக்குள் மிதக்கத் தொடங்கியது போன வருடம் வைகாசி மூன்றாம் தேதி. பஸ்ஸிலும் ஆட்டோவிலும் ஒன்றும் ஆகவில்லை. காரில் மட்டும், வேகம் நாற்பதைத் தொட்டதும் பிள்ளை மடியிலிருந்து எழும்பிக் கூரையில் போய் ஒட்டிக்கொள்ளும். சாக்கோட்டைப் பக்கம் ஆகாஷ் என்ற ஒன்றரை வயதுப் பையன் திறந்திருந்த கண்ணாடி வழியே வெளியேறிப் புளியமர உச்சியில் சிக்கினான். தீயணைப்புக்காரர்கள் வந்து இறக்கும்வரை கொழுந்து மென்றுகொண்டிருந்தான். அதற்கப்புறம், காரில் பிள்ளையை வாரால் கட்டி உட்காரவைக்கும் குழந்தை சீட்டுக்குத் தட்டுப்பாடு வந்தது. வாங்கியவர்களில் பாதிப்பேர் ஏனோதானோவென்று மாட்டியதால், சீட்டும் பிள்ளையோடு சேர்ந்து மிதந்தது.

சீட் விற்ற கடையில் வேலை பார்த்தவள் பாண்டீஸ்வரி. கார்க் கதவைத் திறந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிடும். "தப்பா மாட்டியிருக்கீக" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். ஊர் அதைப் பொறுக்கவில்லை. ஒரு தகப்பன் அவள் விரல் இருக்கும்போதே கதவைச் சாத்தினான். ஒரு தாய், "பெத்தவளுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சோ?" என்று பில்லைக் கிழித்து எறிந்தாள். ஆடி பிறப்பதற்குள், அவள் கண் பட்டுத்தான் பிள்ளைகள் மிதக்கின்றன என்று பேச்சாகிவிட்டது. எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று ஒரு வாரம் அவள் வாயே திறக்கவில்லை. அந்த வாரம்தான் கீர்த்தி என்ற பிள்ளை சீட்டோடு கூரையில் மோதி, நெற்றியில் ஆறு தையல். அந்த சீட் ஆடியதைக் கடை வாசலில் அவள் பார்த்திருந்தாள்.

மறுநாள் பால்புட்டி வாங்க வந்தார், விடுதி நடத்தும் ஏகப்பன். காரில் மனைவி சௌபர்ணிகா. பக்கத்தில் பத்து மாதப் பெண் குழந்தை தளர்ந்த வாருக்குள் சரிந்து கிடந்தது.

"கிட்ட வராத. ஒஞ் சங்கதி எனக்குத் தெரியும்" என்றார் ஏகப்பன்.

"வரலண்ணே. இந்த சீட்டைச் செஞ்சவன் பெல்ட்டு போற வழிய ஒளிச்சு வச்சிருக்கான். நானே மூணு தடவை தப்பாத்தான் மாட்டுனேன்."

"எனக்கே பாடம் நடத்துறியா?"

"இல்லண்ணே, இழுக்க எங் கையில பலமில்ல." கதவு நசுக்கிய விரலைக் காட்டினாள். "முழங்கால ஊனி நீங்க இழுத்தாத்தான் வரும்." சௌபர்ணிகா பக்கம் திரும்பினாள். "ஆச்சி, பாப்பா பின்பக்கம் பாத்தாப்புல இருந்தா கழுத்துக்கு நல்லதுன்னு சீட்டோட வந்த புஸ்தகத்துல போட்டிருக்கான்."

"இழுத்துத்தான் பாருங்களேன்" என்றாள் சௌபர்ணிகா.

அவள் குழந்தையைத் தூக்கிக்கொள்ள, ஏகப்பன் சீட்டைத் திருப்பினார். முழங்காலை ஊன்றி அமுக்கி, பாண்டீஸ்வரியின் வம்சத்தையே திட்டிக்கொண்டு பெல்ட்டை இழுத்தார். ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. குழந்தையை உட்காரவைத்துத் தோள் வாரையும் இறுக்கிக் கிள்ளிப் பார்க்கச் சொன்னாள் பாண்டீஸ்வரி, தளர்வில்லாமல் விரலுக்குள் சிக்கவில்லை. வண்டியை எடுத்தார்.

மனம் கேட்காமல் மொபெட்டில் பின்னாலேயே போனாள். கார் நாற்பதைத் தாண்டியது, ஐம்பதைத் தாண்டியது. பின்கண்ணாடி வழியே குழந்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முடி மட்டும் கூரையை நோக்கி நட்டுக்கொண்டு நின்றது. அவளுக்குக் கண் கலங்கியது. ஏகப்பன் வண்டியை ஓரங்கட்டி இறங்கினார். "பின்னாடியே வந்து கண்ணு வைக்கிறியா? போடி!" என்று கல்லை எடுத்தார். அவள் திரும்பிவிட்டாள்.

அதற்கப்புறம் கடைக்கு வந்தவர்களிடமும் விரலைக் காட்டியே இழுக்கச் சொன்னாள். இப்போது காரைக்குடியில் முழங்காலை ஊன்றாமல் யாரும் சீட் மாட்டுவதில்லை. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால், தானே கண்டுபிடித்ததாக ஆளாளுக்குச் சொல்வார்கள். பாண்டீஸ்வரியோடு இன்றும் யாரும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. காரில் ஏறுமுன் தாய்மார்கள் பிள்ளைகளின் தலைக்குக் கொஞ்சம் கூடுதலாக எண்ணெய் வைத்துப் படிய வாரிவிடுகிறார்கள்.